எந்த ஏரியா சேஃப்னு கேக்கறதுக்கு முன்னாடி: அமெரிக்கால வீடு தேடப் போறவங்களுக்கு

வேலந்தாவளத்துல இருக்கற எங்க அண்ணன் பையன் போன மாசம் போன் பண்ணான், மில்வாக்கில எம்எஸ் சீட் கெடச்சிருக்கு, ஆகஸ்ட்ல கெளம்பறான். ஃபீஸ் பத்தி கேப்பான் இல்ல குளிருக்கு என்ன வாங்கணும்னு கேப்பான்னு பாத்தா அவன் மொதல்ல கேட்டது இதுதான்: "அத்தெ, அங்க எந்த ஏரியா சேஃப்? சீனியருங்க ஒரு லிஸ்ட் அனுப்பிருக்காங்க, ஒரு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகவே கூடாதாம்."

இதே மாதிரி லிஸ்ட் எனக்கும் வந்துச்சு. 2014ல நானும் வீட்டுக்காரரும் சிகாகோ போயி எறங்கின மொத வாரமே ஒரு தமிழ் அண்ணன் வீட்ல சாப்பாடு போட்டு, ரசம் ஊத்தறப்பவே எந்த தெருவுக்கு தெற்க போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, நல்ல மனுசன், அக்கறையிலதான் சொன்னாரு. நானும் அடுத்த வருசம் புதுசா வந்த ஒரு பொண்ணுக்கு அதையே அப்படியே சொன்னேன். அவ சொல்லு கேட்டு வீடு எடுத்தா, அவளும் வேற யாருக்காச்சும் சொல்லிருப்பா. எட்டு வருசம் அங்க ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாத்துட்டு இப்ப கொழிஞ்சாம்பாறைக்கே வந்துட்டேன், ஆனா அன்னிக்கு அந்த பொண்ணுகிட்ட சொன்னது இன்னும் உறுத்திட்டே இருக்கு. அதனால பையனுக்கு சொன்னத கொஞ்சம் விரிவா எழுதறேன், நம்ம பக்கத்துல இருந்து இப்ப வருசா வருசம் பசங்க போறாங்க, யாருக்காச்சும் உதவும்.

மொத விசயம், இதுக்கு வேண்டிய கண்ணு நமக்கு ஏற்கனவே இருக்கு. நம்ம சித்தூர் தாலுக்காவுலயோ பொள்ளாச்சி பக்கமோ எந்த ஊர்ல பஸ்ஸ விட்டு எறங்கினாலும் பத்து நிமிசம் நடந்தா போதும், எது யாரு வீதின்னு தெரிஞ்சுரும், யாரும் போர்டு வெக்கல. தார் ரோடு எங்க முடியுது, குழாய் எங்க நிக்குது, கோயில்ல இருந்து எவ்வளவு தூரம், மழை பேஞ்சா தண்ணி எங்க போயி நிக்குதுன்னு பாத்தா போதும். 2017ல முதலமடை கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில தீண்டாமைப் புகார் வெடிச்சப்ப கேரளா பூரா "ஐயோ இங்கயா"ன்னு ஆச்சரியப்பட்டாங்க, நம்ம எல்லைக்காரங்களுக்கு அதுல என்ன ஆச்சரியம் இருந்துச்சு சொல்லுங்க. 2024 ஜூன்ல கேரள அரசு இனிமே 'காலனி'ங்கற பேரையே ஆபீஸ் காகிதத்துல போடக் கூடாது, நகர்னு மாத்துங்கன்னு உத்தரவு போட்டுச்சு. நல்ல உத்தரவுதான், அந்த பேர சொல்றப்ப தலை குனிஞ்ச புள்ளைங்கள எனக்கு தெரியும். ஆனா பேரு மாறுன அன்னிக்கு ரோடும் குழாயும் எடம் மாறிருமா? அமெரிக்காவும் இப்படித்தான், சட்டத்துல எழுதி வெச்ச பிரிவினை 1960கள்லயே போயிருச்சு, வீடும் பள்ளிக்கூடமும் ரயில் பொட்டியும் இன்னும் அந்தக் கோட்டு மேலயே நிக்குது.

சரி, போய் எறங்கின பொறவு என்ன பண்ணணும். மொத சனிக்கிழமை ஒரு பஸ்ஸோ மெட்ரோவோ இந்தக் கடைசில ஏறி அந்தக் கடைசி வரைக்கும் போங்க, போன் பாக்காம ஆளுங்கள பாருங்க. சிகாகோவுல ரெட் லைன்னு ஒரு ரயில், வடக்க ஹாவர்டுல இருந்து தெற்க 95வது தெரு வரைக்கும் போகும். டெவான் அவென்யூல நம்மாளுக கடையெல்லாம் இருக்கறதால வடக்குல நெறைய நம்ம மொகம், வெள்ளக்காரங்க, எல்லாரும் கலந்து ஏறுவாங்க, நடு ஊர் ஆபீஸ் ஸ்டாப்புங்க வந்ததும் வெள்ளக்காரங்க எறங்கிருவாங்க, சைனாடவுன்ல இன்னும் கொஞ்ச பேரு, பேஸ்பால் மைதானம் இருக்கற 35வது தெரு தாண்டின பொறவு பாத்தீங்கன்னா பொட்டியில நான் ஒருத்திதான் கறுப்பினத்தவர் இல்லாத ஆளு. யாரும் யாரையும் தள்ளல, எழுந்திரின்னு சொல்லல. ஒரே டிக்கெட், ஒரே பொட்டி. எங்கிட்ட சேஃப் ஏரியா சொன்ன அண்ணன் பதினோரு வருசமா சிகாகோல இருந்தாரு, அந்த ரயில்ல 35வது தெருவ தாண்டினதே இல்லன்னு பொறவு ஒரு நாள் அவரே சொன்னாரு.

ஒவ்வொரு ஊர்லயும் இப்படி ஒரு கோடு இருக்கும், அதோட பேர தெரிஞ்சு வெச்சுக்குங்க. செயின்ட் லூயிஸ்ல டெல்மார் புலவார்டு, அதுக்கு வடக்க கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பினக் குடும்பங்க, தெற்க பெரும்பாலும் வெள்ளக்காரங்க, நடுவுல ஒரு ரோடுதான். டெட்ராய்ட்ல எய்ட் மைல் ரோடு. பஃபலோல மெயின் ஸ்ட்ரீட். மில்வாக்கில மெனாமனி ஆத்துப் பள்ளத்தாக்கு, அத பையனுக்காக கடைசியில சொல்றேன்.

அடுத்து, பழைய மேப். இத கண்டிப்பா பாருங்க, நான் அஞ்சு வருசம் கழிச்சுத்தான் பாத்தேன், அதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும். 1930கள்ல வீட்டுக் கடன் நெருக்கடி வந்தப்ப அமெரிக்க அரசாங்கம் ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சுது, அது 200க்கு மேல ஊருங்களுக்கு கலர் மேப் போட்டுது. பச்சைன்னா அருமையான ஏரியா, நீலம் பரவால்ல, மஞ்சள் சரிஞ்சுட்டு வருது, செவப்புன்னா கடன் குடுக்க ஆபத்து. கறுப்பினத்தவங்க இருந்தா அந்த எடம் பெரும்பாலும் செவப்புதான், அவங்க வசதியா இருந்தாலும் வேலையில இருந்தாலும் சரி. 1934ல வந்த ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன், பேங்க் குடுக்கற வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் குடுக்கற அரசு ஆபீஸ், ரெண்டு இனமும் கலந்து வாழற எடத்துக்கு லோன் இன்சூரன்ஸ் தர்றதையே தவிர்த்துச்சு. இதைத்தான் ரெட்லைனிங்னு சொல்றாங்க. ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தோட 'மேப்பிங் இன்ஈக்வாலிட்டி' தளத்துல இந்த மேப்பெல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க, உங்க ஊரத் தேடி உங்களுக்கு வந்த சீனியர் லிஸ்ட்ட பக்கத்துல வெச்சுப் பாருங்க. நான் வெச்சுப் பாத்தேன். அந்த அண்ணன் 2014ல சாப்பாட்டு மேசைல சொன்னதுல முக்காவாசி 80 வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆபீசர் செவப்புப் பென்சில்ல போட்டது.

"அதெல்லாம் பழைய கதை, இப்ப யாரு வேணா எங்க வேணா வீடு வாங்கலாமே"ன்னு உங்க ரூம்மேட் கேப்பாரு, கண்டிப்பா கேப்பாரு. சட்டப்படி வாங்கலாம். ஆனா அமெரிக்கால சாதாரண குடும்பத்துக்கு சொத்துன்னா அது வீடுதான், அந்த வீட்டுக்கு கடன் கெடைக்காத தாத்தாவோட பேரனுக்கு என்ன வந்து சேரும்? 2022 கணக்குப்படி நடுமட்ட வெள்ளக்காரக் குடும்பத்தோட சொத்து சுமார் 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 45,000 கூட முழுசா இல்ல. நம்ம பக்கம் பட்டா இருந்தவன் புள்ளையும் புறம்போக்குல குடிசை போட்டவன் புள்ளையும் ஒரே நாள்ல காலேஜ் சேந்தா ரெண்டு பேரும் ஒண்ணா? அதுக்கு மேல ஹைவே. செயின்ட் பால் ஊர்ல ராண்டோன்னு ஒரு செழிப்பான கறுப்பினப் பேட்டை, அதுக்கு நடுவுலதான் 94ம் நம்பர் நெடுஞ்சாலைய ஓட்டினாங்க, நியூ ஆர்லியன்ஸ்ல கிளைபோர்ன் அவென்யூல வரிசையா நின்ன ஓக் மரத்தெல்லாம் வெட்டி மேல பாலம் கட்டினாங்க.

சுவரு வேற இருக்குங்க. டெட்ராய்ட்ல பர்வுட் சுவர், 1941ல கட்டினது, ஆறடி ஒசரம், அரை மைல் நீளம். கறுப்பினத்தவங்க குடியிருந்த எடத்துக்குப் பக்கத்துல ஒரு பில்டர் வெள்ளக்காரங்களுக்கு வீடு கட்டப் பாத்தாரு, பக்கத்துல இவங்க இருக்காங்களேன்னு அந்த ஃபெடரல் ஹவுசிங் ஆபீஸ்காரங்க லோன் உத்தரவாதம் மறுத்துட்டாங்க, இவரு நடுவுல சுவரு எழுப்பினாரு, உடனே உத்தரவாதம் வந்துருச்சு. இத மொதல்ல படிச்சப்ப எனக்கு உத்தப்புரம்தான் ஞாபகம் வந்துச்சு, மதுரைப் பக்கம் தலித்துகள ஒதுக்கி வெக்க 1989ல கட்டின அந்தச் சுவரு, 2008 மே மாசம் அரசாங்கம் அதுல ஒரு பகுதிய இடிச்சுது. பர்வுட் சுவரு பெரும்பாலும் இன்னும் நிக்குது, அந்த தெருக்காரங்க மேல படம் வரஞ்சு வெச்சிருக்காங்க. டெட்ராய்ட் போனா மியூசியத்துக்கு முன்னாடி அதப் போயி பாருங்க.

இப்ப வீடு தேடற வேலைக்கு வருவோம். "சேஃப்"ங்கறது பொய்யான கவலைன்னு நான் சொல்ல வரல, பொம்பளைப் புள்ளையா ராத்திரி ஷிப்ட் முடிச்சு பனியில நடந்தவ நான். பல வருசமா கடன், கடை, வேலை எதுவும் போகாத சில எடத்துல துப்பாக்கிச் சத்தம் ஜாஸ்தி, அங்க இருக்கற அம்மாக்கள்தான் அதுக்கு மொதல்ல அழுவறாங்க. ஆனா ஏரியா ஏரியாவா பயப்படாதீங்க, தெரு தெருவா பாருங்க. சிகாகோ மாதிரி ஊர்ல போலீஸ் புகார் கணக்கு பிளாக் வாரியா எல்லாரும் பாக்கற மாதிரி இன்டர்நெட்ல போட்டிருக்காங்க. சௌத் சைடு ஆகாதுன்னு ஒரே வார்த்தைல சொல்லுவாங்க, அதுக்குள்ளதான் சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கற ஹைட் பார்க்கு, டீச்சருங்களும் தபால்காரங்களும் தலைமுறையா சொந்த வீட்ல இருக்கற சாத்தம், எல்லாம் இருக்கு. எங்க லேப்ல எனக்கு வேலை கத்துக் குடுத்த அக்கா சாத்தம்காரங்க. அவங்க வீட்டு முன்னாடி இருந்த புல்லும் பூவும் எங்க அபார்ட்மென்ட் வாசல்ல நான் பாத்ததில்ல.

ஏஜென்ட் கிட்ட போனீங்கன்னா "இங்க யாரு இருக்காங்க"ன்னு கேக்காதீங்க, ஒழுங்கான ஏஜென்ட் பதில் சொல்ல மாட்டாரு, இனத்தப் பாத்து ஒரு ஏரியாவுக்கு ஆளத் திருப்பி விடறது சட்டப்படி குத்தம், அதுக்கு ஸ்டீரிங்னு பேரு. ஆனா சத்தமில்லாம நடக்கும். 2019ல நியூஸ்டே பத்திரிகை நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டுல மூணு வருசம் ரகசியமா ஆளுங்கள அனுப்பி சோதிச்சு எழுதினாங்க, ஒரே வருமானம் ஒரே கேள்வி, ஆனா கறுப்பினத்தவங்களுக்கு 49 சதவீதம் தடவை வேற மாதிரி கவனிப்பு, ஹிஸ்பானிக் ஆளுங்களுக்கு 39, ஆசியர்களுக்கு 19. அந்த 19ல நீங்களும் நானும் இருக்கோம். அதனால ஏஜென்ட் காட்டற வீட்ட மட்டும் பாத்துட்டு வந்துராதீங்க, உங்க வாடகை பட்ஜெட்ட வெச்சு மேப்ல நீங்களே நாலஞ்சு எடம் குறிச்சுட்டுப் போயி "இதையும் காட்டுங்க"ன்னு கேளுங்க, இல்ல வேணாம்னா காரணம் கேளுங்க, அதையும் எழுதி வெச்சுக்குங்க.

கல்யாணமாகி புள்ளையோட போறவங்க எல்லாரும் ஸ்கூல் ரேட்டிங்க பாத்துத்தான் வீடு எடுக்கறாங்க, பத்துக்கு ஒம்பது, பத்துக்கு பத்துன்னு நம்பர் போட்ட வெப்சைட்டுங்க. அந்த நம்பர் டீச்சர் எப்படி சொல்லித் தர்றாங்கன்னு சொல்றத விட அந்த தெருவுல எவ்வளவு பணம் இருக்குன்னுதான் ஜாஸ்தி சொல்லுது. அங்க அரசுப் பள்ளிக்கூடத்துக்கு வர்ற பணத்துல கிட்டத்தட்ட பாதி உள்ளூர் வரியில இருந்து, அதுவும் பெரும்பாலும் வீட்டு வரி. வீட்டு வெலை ஒசந்த ஊருல பள்ளிக்கூடம் ஒசரும், அத பாத்து வீட்டு வெலை இன்னும் ஒசரும். 1954ல பிரௌன் வழக்குல கறுப்பு வெள்ளைன்னு தனித்தனி பள்ளிக்கூடம் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, எல்லாரும் அதோட நிறுத்திக்குவாங்க. 1974ல மில்லிகன் வழக்கு, டெட்ராய்ட் புள்ளைங்களையும் சுத்தியிருக்கற புறநகர் புள்ளைங்களையும் கலந்து சேக்கற திட்டத்த அதே கோர்ட்டு 5க்கு 4ன்னு தள்ளிருச்சு. அதுக்கப்புறம் கலந்து படிக்க வேணாம்னு நெனச்ச வெள்ளக்காரங்க ஊரு எல்லைய தாண்டி புறநகருக்குப் போயிட்டா போதும். சிகாகோ புறநகர் நேப்பர்வில் மாதிரி நம்மாளுக கூட்டமா போற ஊருக்கெல்லாம் நாம அந்த எல்லைய தாண்டித்தான் போறோம். போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், புள்ளை படிப்பு யாருக்குத்தான் கவலையில்ல. ரேட்டிங்க மூடி வெச்சுட்டு பள்ளிக்கூடத்துக்கு நேர்ல போங்க, பிரின்சிபால் கிட்ட டீச்சருங்க எத்தனை வருசமா நிக்கறாங்கன்னு கேளுங்க, லைப்ரரி தெறந்திருக்கான்னு பாருங்க. எங்க பொண்ணு படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ரேட்டிங் நாலு. அவ வகுப்புல எல்லா நெறமும் இருந்துச்சு, கணக்கு நல்லா வந்துச்சு.

உங்களுக்கே நடந்தா? எனக்கு நடந்துச்சு. போன்ல வீடு காலியா இருக்குன்னாங்க, நேர்ல போனதும் இப்பத்தான் போச்சுன்னாங்க, மறுநாள் எங்கூட வேலை பாக்கற வெள்ளக்காரப் பொண்ணு போன் பண்ணா மறுபடி காலியா இருக்கு. எனக்கு அப்ப சட்டம் தெரியாது, அழுதுட்டு வேற வீடு பாத்தேன். நீங்க அப்படி விடாதீங்க. 1968 ஏப்ரல் 4 கறுப்பினத்தவங்க உரிமைக்குப் போராடின மார்ட்டின் லூதர் கிங்க சுட்டாங்க, ஒரே வாரத்துல, ஏப்ரல் 11, ஃபேர் ஹவுசிங் சட்டத்துல கையெழுத்தாச்சு, இனம், நெறம், மதம், எந்த நாட்டுல இருந்து வந்தவங்கங்கறத வெச்சு வீடு மறுக்கக் கூடாது. நீங்க சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, ஸ்டூடன்ட் விசாவுல இருந்தாலும் புகார் குடுக்கலாம். ஹட்னு சொல்ற மத்திய வீட்டுவசதித் துறைக்கு ஒரு வருசத்துக்குள்ள புகார், நேரா கோர்ட்டுன்னா ரெண்டு வருசம். தேதி, நேரம், யாரு என்ன சொன்னாங்க, மெசேஜ் ஸ்க்ரீன்ஷாட், வீட்டு விளம்பரம், எல்லாத்தையும் அன்னிக்கே எடுத்து வெச்சுருங்க. பெரிய ஊருங்கள்ல ஃபேர் ஹவுசிங் அமைப்புங்க இருக்கு, எங்கூட வேலை பாத்த பொண்ணு யதேச்சையா செஞ்ச அதே சோதனைய அவங்க முறையா ஆள் வெச்சு செய்வாங்க.

இந்தச் சட்டம் நம்ம மேலயும் பாயும். நம்ம வாட்ஸப் குரூப்புகள்ல வீட்ட வாடகைக்கு விடறவங்க "இந்தியன் ஃபேமிலி ஒன்லி"ன்னு போடறாங்க பாருங்க, அது சட்டப்படி தப்பு, அத ஃபார்வர்ட் பண்ணாதீங்க, போட்டவங்களுக்கு தனியா மெசேஜ் பண்ணி சொல்லுங்க, நான் ரெண்டு தடவை சொல்லிருக்கேன், ஒருத்தர் மாத்தினாரு, ஒருத்தர் என்ன குரூப்ப விட்டு எடுத்துட்டாரு. அப்புறம் நம்ம கூட்டத்துக்குள்ளயே சுத்தி வளைச்சு ஊரு பேரு, குலதெய்வம், சைவமா அசைவமான்னு கேட்டு சாதி தேடறது, கடல் தாண்டியும் அது நிக்கல. 2023 பிப்ரவரில சியாட்டில் நகர சபை சாதி பாகுபாட்டுக்குத் தடை போட்டுச்சு, அமெரிக்கால அப்படி செஞ்ச மொத ஊரு அதுதான். யாரால அந்த நெலமை வந்துச்சு, நம்மாளுகளாலதான.

பேச்சுல ஒண்ணே ஒண்ணு பாத்துக்குங்க. கறுப்பினத்தவங்கள நம்மாளுக தமிழ்ல ஒரு மாதிரி சொல்லுவாங்க, அவங்களுக்குப் புரியாதுன்னு. நம்ம புள்ளைங்களுக்குப் புரியும், நாளைக்கு அதுங்க வாயில வரும். 1959ல கிங் இந்தியா வந்தப்ப திருவனந்தபுரத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாரு, அங்க படிச்சது தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் புள்ளைங்க, அந்த ஹெட்மாஸ்டர் அவர அமெரிக்காவுல இருந்து வந்திருக்கற ஒரு தீண்டத்தகாதவர்னு அறிமுகப்படுத்தினாரு. மொதல்ல அவருக்கு சுருக்குன்னு ஆச்சாம், பொறவு யோசிச்சு ஆமா நானும் தீண்டத்தகாதவன்தான்னு ஒத்துக்கிட்டத 1965ல தன்னோட சர்ச்சுல சொன்னாரு. அந்த 1965 அக்டோபர்லதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு கதவத் தெறந்த குடியேற்றச் சட்டம் வந்துச்சு, அதுவரைக்கும் இந்தியாவுக்கு வருசத்துக்கு 100 பேரு ஒதுக்கீடு, அதுக்கும் முன்னாடி 1923ல பகத் சிங் திண்டுங்கறவருக்கு நீ வெள்ளக்காரன் இல்லன்னு சொல்லி குடியுரிமைய மறுத்தது அதே சுப்ரீம் கோர்ட்டு. சம உரிமை கேட்டு தெருவுல எறங்கி அடி வாங்கினது கறுப்பினத்தவங்க, நாய் கடிச்சது அவங்கள, தொறந்த கதவுல சூட்கேசோட நொழஞ்சது நாம.

கண்ணா, இது உனக்கு. மில்வாக்கில வடக்குப் பக்கம் கறுப்பினத்தவங்க, தெற்குப் பக்கம் அப்ப வெள்ளக்காரங்க, நடுவுல மெனாமனி பள்ளத்தாக்கு, அது மேல 16வது தெரு பாலம். வெல் ஃபிலிப்ஸ்னு ஒரு அம்மா, அந்த நகர சபைல மொத கறுப்பின உறுப்பினர், யாருக்கும் வீடு மறுக்கக் கூடாதுன்னு 1962ல இருந்து தீர்மானம் கொண்டு வந்தாங்க, ஒவ்வொரு தடவையும் அவங்க ஓட்டு ஒண்ணு, எதிர்ல 18. 1967 ஆகஸ்ட் 28 ராத்திரி அங்கத்த பசங்க, பாதிப் பேரு உன்ன விட சின்னவங்க, அதே தீர்மானம் வேணும்னு ஜேம்ஸ் குரோப்பிங்கற பாதிரியாரோட அந்தப் பாலத்த நடந்து தாண்டினாங்க, எதிர்ல கல்லும் பாட்டிலும் வந்துச்சு, மறுநாளும் நடந்தாங்க, 200 நாள் ஒரு ராத்திரி விடாம நடந்தாங்க, பனியிலயும். இப்ப அந்தப் பாலத்துக்கு அந்தப் பாதிரியார் பேருதான் வெச்சிருக்காங்க. சீனியர் லிஸ்ட் கையில இருக்கட்டும், கிழிக்க வேணாம். லீஸ்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வேலை நாள் சாயங்காலம் ஒரு தடவை பஸ் புடிச்சு அந்தப் பாலத்துகிட்ட எறங்கி நடந்து அந்தப் பக்கம் போ, ரெண்டு பக்கமும் ஒரு கடையில ஏதாச்சும் வாங்கு, கல்லாவுல இருக்கறவங்க கிட்ட வாடகை என்ன போகுது, பஸ் ராத்திரி எத்தனை மணி வரைக்கும்னு கேளு. கேட்டுட்டு வந்து அந்த லிஸ்ட்ட எடுத்து எனக்கு போன் பண்ணு, இங்க அப்ப விடிஞ்சிருக்காது, பரவால்ல, நான் முழிச்சுட்டுத்தான் இருப்பேன்.